லினக்ஸ் கடைசியில்; முதலில் பாமினி

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். கணினி பழசு, 4 ஜிபி ரேம். விண்டோஸ் 10 மட்டும் கணினியோடு வந்த அசல். ஆபீஸ், போட்டோஷாப் எல்லாம் கிராக் போட்டு ஏற்றியவை. போன மாதம் வைரஸ் வந்து பாதிக் கோப்புகள் திறக்கவில்லை. காசு கொடுத்து வாங்க வழியில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுவிடவா? மனுக்களெல்லாம் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன.

பதில்: போடலாம் அண்ணாச்சி, ஆனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, பாமினி, அங்கேதான் தொடங்க வேண்டும்.

அதற்கும் முன்னால், திறக்கிற கோப்புகளை இன்றைக்கே ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்துக் கழற்றி வையுங்கள். மாட்டியே இருந்தால் அடுத்த வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். பிறகு விண்டோஸைச் சுத்தமாக மறுபடி ஏற்றுங்கள். அசல் என்பதால் இணையத்தில் இணைந்ததும் உரிமம் தானாக வந்துவிடும். கிராக் எதையும் திரும்ப ஏற்றாதீர்கள். உங்கள் கடைக்கு வருகிறவர்கள் பட்டாவையும் ஆதாரையும் நம்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். யார் செய்தது என்றே தெரியாத, உரிமப் பூட்டை உடைக்கும் ஆக்டிவேட்டர் இருக்கும் கணினியில் அவை இருக்கக் கூடாது.

இனி பாமினி. திரையில் 'அம்மா' என்று தெரியும்போது கோப்புக்குள் இருப்பது தமிழே இல்லை. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான் இருக்கும். அவற்றுக்கு மேல் பாமினி தமிழ்ச் சட்டை போட்டுவிடுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் சட்டை கழன்று ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். 'வாரிசு' என்று தேடினால் கிடைக்காது, வாட்ஸ்அப்பில் ஒட்டினால் படிக்க முடியாது. எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் யூனிகோடு குறிமுறையைத் தமிழக அரசு 2010-லேயே தரமாக ஏற்றுக்கொண்டது. நீங்களும் மாறிவிடுங்கள்.

விரல் பழக்கம் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பாமினி, பழைய தட்டச்சு, தமிழ்99 எல்லா விசை அமைப்பும் உண்டு. அதே விசைகளைத் தட்டினாலும் விழுவது யூனிகோடு. பழைய கோப்புகளை மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் இருக்கிறது. இவை இரண்டும் இலவசம்தான், ஆனால் மூலநிரல் திறந்தவை அல்ல, அதாவது உள்ளே இருக்கும் நிரலை யாரும் பார்த்துத் திருத்த முடியாது. அந்த வித்தியாசம் எனக்கு முக்கியம். ஆனாலும் உங்கள் விரலுக்கு இப்போதைக்கு இதுதான் சரி. இணையதள மாற்றிகளில் மட்டும் வாடிக்கையாளர் மனுவை ஒட்டாதீர்கள். அது அவர்கள் குடும்பச் சங்கதி.

மாற்றும்போது ஒரு கண்ணி உண்டு. மனுவில் சர்வே எண் 124/2ஏ என்று ஆங்கில ஏ போட்டு அடித்திருப்பீர்கள். பாமினியில் பெரிய ஏ என்பது 'யு'வுக்கு உரிய விசை. எந்த எழுத்து எந்த எழுத்துருவில் இருந்தது என்று மாற்றிக்குத் தெரியாது, எல்லாவற்றையும் தமிழ் என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் 2ஏ என்பது 2யு என்று வந்து நிற்கும். பி இருந்தால் 'டீ' ஆகிவிடும். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு நாளுக்குப் போகிறவர் கையில் அப்படி ஒரு தாள் போகக் கூடாது. எண்களையும் ஆங்கில எழுத்துகளையும் அசலோடு வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். நானூறு கோப்பு இருந்தால் நானூறையும் மாற்ற வேண்டாம், அடிக்கடி எடுக்கிற இருபது மாதிரி மனுக்களை மட்டும் மாற்றினால் போதும்.

ஆபீசுக்குப் பதில் லிப்ரெஆபீஸ். அதன் சொந்தத் தளத்தில் மட்டுமே இறக்குங்கள். ஏற்றியதும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, இது தெரியாமல்தான் பலர் 'தமிழ் சரியா வரல' என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். லிப்ரெஆபீஸ் தமிழைச் சிக்கலான எழுத்துமுறை என்று தனி வகையில் வைத்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, ஓர் அளவு, தமிழுக்கு வேறு. டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய் மொழிப் பகுதியில் 'காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' (சுருக்கமாக சிடிஎல்) என்பதை டிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் ரைட்டர் என்ற தலைப்பின் கீழ் சிடிஎல் எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழை வைத்து, அளவு 12 கொடுங்கள். அதே ஆப்ஷன்ஸில் 'லோட்/சேவ்' பகுதியில் எப்போதும் வேர்டு வடிவத்தில் சேமிக்கச் சொல்லிவிட்டால், வாங்கிப் போகிறவருக்குத் தொந்தரவு இல்லை.

பாஸ்போர்ட் போட்டோவுக்கு, போட்டோஷாப்புக்குப் பதில் கிம்ப் தாராளம். 35-க்கு 45 மில்லிமீட்டர், 300 டிபிஐ என்றால் 413-க்கு 531 பிக்சல். நான்குக்கு ஆறு அங்குலத் தாளில் எட்டுப் படம் அடங்கும். விண்ணப்பத்துக்கு 50 கேபிக்குள் வேண்டும் என்றால், ஜேபெக் ஏற்றுமதிப் பெட்டியில் முன்னோட்டத்தை டிக் செய்து தரத்தை மெல்லக் குறையுங்கள், கோப்பின் அளவு அங்கேயே தெரியும். பிடிஎஃப் பக்கங்களைச் சேர்க்க, பிரிக்க, திருப்ப பிடிஎஃப் அரேஞ்சர். வீடியோவுக்கு விஎல்சி, இணையத்துக்கு ஃபயர்ஃபாக்ஸ்.

லிப்ரெஆபீஸ் முதல் ஃபயர்ஃபாக்ஸ் வரை எல்லாம் லினக்ஸிலும் அப்படியே ஓடும் என்பதால்தான் இந்த வரிசையைச் சொல்கிறேன். இரண்டு மூன்று மாதம் விண்டோஸிலேயே இவற்றோடு பழகிவிட்டால், அடியில் இருக்கிற விண்டோஸை மாற்றும்போது கை தடுமாறாது. ஆனால் மாறாமலே இருக்கவும் முடியாது: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. உங்கள் கணினிக்கு லினக்ஸ் மின்ட்டின் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பொருந்தும். ரேமைக் கூட்டுவதற்கு முன் பழைய ஹார்ட் டிஸ்கை எஸ்எஸ்டியாக மாற்றிப் பாருங்கள், அதிலேயே வேகம் தெரியும்.

ஏற்றுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மின்ட்டை ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு பென்டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியைத் துவக்குங்கள். ஹார்ட் டிஸ்கில் எதுவும் மாறாது. ஒரு மனுவை அச்சிடுங்கள், ஓர் ஆதாரை ஸ்கேன் செய்யுங்கள். எச்பி பிரிண்டர் என்றால் பெரும்பாலும் சிக்கல் வராது. நம் பக்கம் பல கடைகளில் இருக்கிற கேனான் எல்பிபி 2900 என்றால் அதற்குத் தனி டிரைவர் வேண்டும், லினக்ஸில் அதைப் பொருத்துவது கொஞ்சம் மல்லுக்கட்டுதான். கைரேகைக் கருவி வைத்துப் பணம் எடுத்துக் கொடுக்கிறீர்கள் என்றால், அதற்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள். இல்லை என்று சொன்னால் விண்டோஸை அழிக்காமல், டிஸ்கில் இடம் பிரித்து இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.