ஆர்டர் குவிகிறது, சம்பளத் தேதியில் பணம் இல்லை: ஆள் எடுக்கலாமா?

கேள்வி: கோவையில் ஆறு வருடமாக ஆப், சாஃப்ட்வேர் செய்துகொடுக்கும் நிறுவனம் நடத்துகிறேன். மூன்று பேராகத் தொடங்கியது, இன்று 17 பேர். கூடவே இரண்டு ஃப்ரீலான்சர்கள். ஆர்டருக்குக் குறைவில்லை. ஆனால் மாதக் கடைசியில் சம்பளத்துக்குப் பணம் புரட்ட அலைகிறேன். வேலை தேங்குகிறது, கடன் வாங்கியாவது மூன்று டெவலப்பர்களை எடுப்போம் என்கிறார் பங்குதாரர். எடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு ஆளும் வேண்டாம், கடனும் வேண்டாம். நீங்கள் அனுப்பிய கணக்கிலேயே காரணம் இருக்கிறது.

மாதச் சம்பளம் 8.5 லட்சம். வாடகை, மின்சாரம், கிளவுட், ஆடிட்டர் எல்லாம் சேர்த்து 2.3 லட்சம். ஆக 10.8 லட்சம் ரூபாய். கிளையன்ட் வேலை பார்ப்பவர்கள் 12 பேர். 22 நாள், எட்டு மணி நேரம் என்று பெருக்கி 2,112 மணி நேரம் எனப் போட்டிருக்கிறீர்கள். அதனால் ஒரு மணி நேரத்தின் அடக்கவிலை 511 ரூபாய் என்று வந்திருக்கிறது. 800 ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்தால் நல்ல லாபம் என்று நம்பிவிட்டீர்கள்.

ஒரு டெவலப்பர் எட்டு மணி நேரமும் கிளையன்டிடம் பணம் கேட்கக்கூடிய வேலையைச் செய்வதில்லை. மீட்டிங், பழைய ஆப்பில் வந்த பிழை, புதிதாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் போக ஐந்து மணி நேரம் மிஞ்சினால் பெரிது. விடுப்பு போக 20 நாள் வைத்துக்கொள்ளுங்கள். 12 பேருக்கும் சேர்த்து 1,200 மணி நேரம். அப்படியானால் அடக்கவிலை 900 ரூபாய். 800 ரூபாய்க்கு விற்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் 100 ரூபாய் கைநஷ்டம், மாதத்துக்கு 1.2 லட்சம்.

இத்தனை நாள் எப்படி ஓடியது? புது வேலைக்கு வந்த அட்வான்ஸ் பழைய வேலை பார்ப்பவர்களின் சம்பளமாகப் போயிருக்கிறது. ஆர்டர் வந்துகொண்டே இருக்கும்வரை இந்த ஓட்டை கண்ணில் படாது. சென்னையில் என்னிடம் 12 பேர் இருந்தபோது நானும் இதே சுழலில் சிக்கியிருக்கிறேன். ஒரு பெரிய ஆர்டர் ஒரு மாதம் தள்ளிப்போனது, அன்றுதான் விஷயம் புரிந்தது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்த ஓட்டை, 'சின்ன மாற்றம்தானே சார்'. வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி வருகிறது: ‘ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வருகிறதே, வாட்ஸ்ஆப்பிலும் வரட்டும்.’ நம் டெவலப்பரும் சரி என்று அங்கேயே பதில் போட்டுவிடுகிறார். பிறகு பாருங்கள். கிளையன்டின் தொழில் கணக்கை வாட்ஸ்ஆப்பின் உரிமையாளரான மெட்டாவில் சரிபார்க்க வேண்டும், செய்தி வடிவத்துக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். வாட்ஸ்ஆப் இல்லாத எண்ணுக்கு எஸ்எம்எஸ் தானாகப் போக வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸின் வாசகத்தில் ஒரு சொல் மாறினாலும், நிறுவனங்களின் எஸ்எம்எஸ் வாசகங்களைப் பதிவுசெய்யும் டிஎல்டி தளத்தில் மறுபடி பதிய வேண்டும். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் டெஸ்டிங், பிறகு ஸ்டோரில் புது வெர்ஷன். 30 மணி நேரம் கரைந்துவிடும். உங்கள் கையிலிருந்து போவது 27,000 ரூபாய். இன்வாய்ஸில் வருவது பூஜ்யம்.

இதற்காகக் கிளையன்டிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. எந்தத் திரையில் என்னென்ன என்பதை ஸ்கோப்பாக எழுதி, தொடக்கத்திலேயே இருவரும் கையெழுத்திடுங்கள். அதற்கு வெளியே எது வந்தாலும் எத்தனை மணி நேரம், எவ்வளவு ரூபாய் என்று ஒரு பக்க மின்னஞ்சல். ‘சம்மதம்’ என்று பதில் வந்த பிறகே வேலை. பத்து மணி நேரம் வரை இலவசம் என்று முன்பே எழுதிவைத்தால் உறவும் கெடாது.

பணம் வாங்கும் முறையையும் மாற்றுங்கள். முதலில் 30 சதவீதம், முடித்துக் கொடுத்ததும் 70 என்கிறீர்கள். ‘முடிந்தது’ என்று கிளையன்ட் என்றைக்குச் சொல்வார்? வேலையை ஐந்தாறு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் தொடங்கும் முன் அதற்கான தொகையை வாங்குங்கள். முதலில் தொகையைச் சொல்லிப் பணம் கேட்கும் புரோஃபார்மா இன்வாய்ஸ், பணம் வந்ததும் வரி இன்வாய்ஸ். ஐந்து லட்சத்துக்கு இன்வாய்ஸ் போட்டால் 18 சதவீத ஜிஎஸ்டி 90,000 ரூபாய். மாதக் கணக்கு தாக்கல் செய்பவர் என்றால், கிளையன்ட் கொடுத்தாரோ இல்லையோ, அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் அதைக் கட்ட வேண்டும். கைக்கு வராத பணத்துக்கு வரி கட்டியே உங்கள் மாதக் கடைசி காலியாகிறது. கட்டங்களைப் பிரிக்கும்போது ஆடிட்டரையும் உட்கார வையுங்கள்.

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே செய்யுங்கள், கட்டணம் கிடையாது. எண்ணை ஒவ்வொரு இன்வாய்ஸிலும் அச்சிடுங்கள். குறு, சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, காலம் கடத்தினால் பணத்தைக் கொடுக்கும்வரை அதைச் செலவாகக் காட்டி வருமான வரியைக் குறைக்கவும் கிளையன்டால் முடியாது. மார்ச் மாதத்தில் அவருடைய ஆடிட்டரே உங்களுக்காக அவரை நெருக்குவார்.

மூன்று பேரைச் சேர்த்தால் 20 ஆகிவிடும் என்பதையும் பாருங்கள். 20 பேர் என்றால் பிஎஃப் சட்டம் பொருந்தும். முதலாளி பங்கு 12 சதவீதம். ஊழியர்களுக்கு நல்லதுதான், கொடுக்கவும் வேண்டும். 900 ரூபாய் கணக்கில் அது இன்னும் சேரவில்லை. தவிர, தாமதமான புராஜெக்டில் புது ஆளைப் போட்டால் அது இன்னும் தாமதமாகும் என்று ஐபிஎம்மில் பெரும் மென்பொருள் பணியை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். புதியவருக்குச் சொல்லிக்கொடுக்க, ஏற்கெனவே திணறுபவர்தான் நேரம் கொடுக்க வேண்டும்.

ஃப்ரீலான்சர்கள் விஷயத்தில் ஒன்று. சம்பள ஊழியர் பணியின்போது எழுதும் புரோகிராம் கோடு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனத்துக்குச் சொந்தம். ஃப்ரீலான்சர் எழுதியது எழுதித் தராதவரை அவருக்கே சொந்தம். எழுதி வாங்கும்போதும் காலத்தையும் எல்லையையும் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் பதிப்புரிமைச் சட்டப்படி ஐந்து வருடம், இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் கொள்ளப்படும். நாளை கிளையன்ட் ஆப்பைத் துபாயில் வெளியிடும்போது சிக்கல் வரும்.

மூன்று மாதம் எல்லோரும் நேரக் கணக்கு எழுதட்டும். புது கொட்டேஷன் எதுவும் 1,200 ரூபாய்க்குக் கீழே போக வேண்டாம். இரண்டு மூன்று கிளையன்ட் விலகலாம், விட்டுவிடுங்கள். அதன் பிறகு ஆள் தேவைப்பட்டால் முதலில் எடுக்க வேண்டியது டெவலப்பரை அல்ல. கிளையன்டின் அழைப்பை எடுத்து, ஸ்கோப்பைப் பார்த்து, ‘இதற்கு இவ்வளவு ஆகும்’ என்று சொல்லத் தெரிந்த ஒருவரை எடுங்கள். அந்த அழைப்புகள் இன்று நேராக டெவலப்பரின் மேசைக்குத்தான் போகின்றன.