மலைப்பாதை வரைபடம்: கேள்வியும் பதிலும்

கே: 1:50,000 அரசு நிலவரைபடத்தைப் பெரிதாக்கி அச்சடித்தால் நடைப்பயணத்துக்குப் போதாதா?

ப: கோடு தடிக்கும், விவரம் அதிகமாகாது. அந்தத் தாளில் சம உயரக் கோடுகளுக்கு இடைவெளி 20 மீட்டர். 15 மீட்டர் செங்குத்துப் பாறை இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். இன்னொரு சிக்கல்: பூமியின் வடிவத்துக்குப் பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற கணக்கைக் கொண்டவை, ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ்-84 என்ற வேறொரு கணக்கைக் கொண்டது. மாற்றாமல் பொருத்தினால் நம் பக்கம் நூறு மீட்டருக்கு மேல் பிசகும். பழனி மலையில் நான் வரைந்த முதல் தாளில் மாரியம்மன் கோயில் ஓடைக்கு அக்கரையில் நின்றது. ஆடு மேய்த்த பெரியவர் பார்த்துவிட்டு, “அம்மன் எப்போது ஓடையைத் தாண்டினாள்?” என்றார்.

கே: எந்த மென்பொருள்?

ப: க்யூஜிஐஎஸ். இலவசம்.

கே: செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தே பாதை போடலாமா?

ப: நடக்காத பாதையை வரையாதீர்கள். சோலைக்குள் பாதை தெரியாது. தெரிகிற கோடு ஓடைப் படுகையாகவோ தீத்தடுப்புக் கோடாகவோ இருக்கும்.

கே: உயரத்துக்கு இலவசத் தரவு?

ப: 2000-இல் விண்வெளி ஓடத்திலிருந்து ராடாரால் அளந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் என்ற உயரத் தரவு. ஆனால் அடர்ந்த காட்டில் அந்த ராடார் தரையைத் தொடவில்லை, மர உச்சியை ஒட்டியே அளந்தது. புல்வெளி முடிந்து சோலை தொடங்கும் இடத்தில் இல்லாத மேடு ஒன்று முளைக்கும். நடந்து பார்த்தால்தான் பிடிபடும்.

கே: நல்ல மென்பொருள் சொல்லுங்கள் ஐயா.

ப: மேலே சொல்லிவிட்டேன்.

கே: நடைநேரம் போடுவது எப்படி?

ப: 1892-இல் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அவர் ஸ்காட்லாந்துக்காரர். நம் வெயிலுக்குத் தாராளமாகக் கூட்டுங்கள்.

கே: எல்லாத் தடங்களையும் போடுங்கள். மறைக்க நீங்கள் யார்?

ப: வரைகிறவன். மாட்டுத் தடத்தையும் ஒற்றையடிப் பாதையையும் ஒரே கோட்டில் போட்டால், வெளியூர்க்காரர் மாட்டின் பின்னால் போய்ப் புதரில் நிற்பார்.

கே: அது சாக்கு. உள்ளூர்க்காரர்கள் எல்லாவற்றிலும் நடக்கிறார்களே?

ப: அவர்களுக்கு வரைபடம் தேவையில்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு, வனத்துறை அனுமதிக்காத தடம் என் தாளில் ஏறுவதில்லை.

கே: அப்படியானால் உங்கள் வரைபடம் முழுமையானது அல்ல.

ப: அல்ல. கீழ் ஓரத்தில் அதையும் அச்சிட்டிருக்கிறேன்.

கே: எந்த மென்பொருள்…

ப: அடுத்தவர்.