அப்ரண்டிஸ் நீக்கங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிரம்ப் தன் கம்பெனி வேலைக்குப் போட்டியிடுபவர்களை ஒவ்வொருவராக நீக்கிக்கொண்டே வரும் 'தி அப்ரண்டிஸ்' அமெரிக்க டிவி நிகழ்ச்சியின் பழைய சீசன்களை இப்போதுதான் பார்க்கிறேன். மாங்கு மாங்கென்று உழைத்தவர் வெளியே போகிறார், சண்டை மூட்டியவர் உள்ளே இருக்கிறார். ஆனாலும் எபிசோட் முடியும்போது டிரம்ப் செய்தது சரி என்றே தோன்றிவிடுகிறது. யாரை அனுப்புவது என்று முன்பே எழுதி வைத்துவிடுவார்களா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

எழுதி வைப்பதாக நான் நினைக்கவில்லை. நடப்பது அதைவிட வேடிக்கையானது.

முதலில் விதியைப் பாருங்கள். அந்த வார டாஸ்க்கில் (போட்டி வேலையில்) தோற்ற டீமின் ப்ராஜக்ட் மேனேஜர், அதாவது அந்த வாரத் தலைவர், பெரும்பாலும் இரண்டு பேரைத் தன்னோடு போர்டுரூமுக்கு, டிரம்ப் தீர்ப்புச் சொல்லும் அறைக்கு, கூட்டி வர வேண்டும். மூவரில் ஒருவருக்குச் சீட்டுக் கிழியும். ஆக, டிரம்ப் வாய் திறப்பதற்கு முன்பே பாதித் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. தன் தலை தப்ப வேண்டும் என்று நினைக்கும் மேனேஜர் யாரைக் கூட்டி வருவார்? வேலையைக் கெடுத்தவரை அல்ல, பேசத் தெரியாதவரை, டீமில் ஆள்பலம் இல்லாதவரை. சண்டைக்காரருக்கு நாலு பேர் துணை இருந்தால் அவர் அந்த மேசைக்கே வருவதில்லை.

அப்புறம் மேசையில் நடப்பது. 2004இல் வந்த இரண்டாவது சீசனில் பிராட்ஃபோர்ட் கோஹன் என்ற வழக்கறிஞரைக் கவனித்திருப்பீர்கள். முந்தைய டாஸ்க்கில் மேனேஜராக இருந்து ஜெயித்தவர், அதனால் அந்த வாரம் அவரை யாரும் நீக்க முடியாது. தன் மேல் அவ்வளவு நம்பிக்கை, அந்தப் பாதுகாப்பே வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார். இப்படி யோசிக்காமல் முடிவெடுப்பவர் கம்பெனி நடத்த லாயக்கில்லை என்று டிரம்ப் அவரையே அனுப்பிவிட்டார். டாஸ்க்கில் தோற்றதற்கு அவர் பொறுப்பா என்ற கேள்வி அங்கே எடுபடவே இல்லை. எனக்கு அந்த நீக்கம் அநியாயமாகத்தான் பட்டது, ஆனால் டிவிக்கு அதைவிட நல்ல காட்சி கிடைக்காது.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி, ஏன் அது நியாயமாகத் தோன்றுகிறது என்பது. இதற்கு அங்கே வேலை பார்த்தவரே பதில் சொல்லியிருக்கிறார். முதல் ஆறு சீசன்களில் எடிட்டராக இருந்த ஜோனதன் பிரான், நியூயார்க்கர் இதழின் 2019 ஜனவரிக் கட்டுரை ஒன்றில் பேசுகிறார். டிரம்ப் பல நேரம் யார் எப்படி வேலை செய்தார்கள் என்றே தெரியாமல் போர்டுரூமில் வந்து உட்காருவாராம். நன்றாகச் செய்த ஒருவரை மனம் போன போக்கில் நீக்கிவிடுவாராம். பிறகு எடிட்டர்கள் நூற்றுக்கணக்கான மணிநேரப் பதிவைத் துழாவி, அந்த நல்ல போட்டியாளர் சறுக்கிய ஒன்றிரண்டு கணங்களைத் தேடிப் பிடித்துக் கோர்ப்பார்கள். தீர்ப்பு முதலில், வழக்கு பிறகு. நீங்கள் எபிசோடை முதலிலிருந்து பார்க்கிறீர்கள், அவர்கள் கடைசியிலிருந்து கட்டியிருக்கிறார்கள். (அந்த கம்பீரமான போர்டுரூமும் டிரம்ப் டவருக்குள் போட்ட செட்தான்.)

இதைச் சட்டம் கேட்காதா என்று தோன்றலாம். 1950களின் டிவி வினாடி வினா மோசடிகளுக்குப் பிறகு, அறிவு, திறமை, அதிர்ஷ்டம் சார்ந்த போட்டிகளின் முடிவை ரகசியமாக முன்கூட்டியே தீர்மானித்து மக்களை ஏமாற்றுவதை அமெரிக்கா 1960இல் குற்றமாக்கியது. ஆனால் ஒரு முதலாளி தனக்குப் பிடிக்காதவரை அனுப்பினால் அதில் முறைகேடு என்று எதைக் காட்டுவது? மதிப்பெண்ணே கிடையாதே. விற்பனைக் கணக்கு எந்த டீம் தோற்றது என்பதோடு நின்றுவிடும்.

மீதி சீசன்களைப் பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். எபிசோடின் முதல் பத்து நிமிடத்தில், டாஸ்க்குக்குச் சம்பந்தமில்லாமல் யாராவது ஒருவர் தடுமாறுவதைக் காட்டினால் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா முறையும் பலிக்காது, ஆனால் பல முறை அவர்தான் பெட்டியோடு டாக்சி ஏறுவார்.