இடிபாடு கொட்டிய காலி மனையில் கூட்டுத் தோட்டம்: செம்மண் அடித்தால் போதுமா?

கேள்வி: குடியிருப்புகளுக்கு நடுவே சுமார் 10 சென்ட் காலி மனை இருக்கிறது. பல ஆண்டுகளாகக் கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டப்பட்ட இடம். உரிமையாளர் சம்மதத்தோடு 20 குடும்பங்கள் சேர்ந்து காய்கறி பயிரிட நினைக்கிறோம். மேலாகச் சுத்தம் செய்து ஒரு மூலையில் கீரை விதைத்துப் பார்த்தோம். நன்றாக முளைத்தது, மூன்றாவது வாரம் மஞ்சளாகிவிட்டது. தண்ணீர் ஊற்றினால் குட்டையாக நிற்கிறது. ஜேசிபி வைத்து நிரவி, இரண்டு லாரி செம்மண் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: முதலில் அந்தக் கீரையைச் சமைக்காதீர்கள். மண் பரிசோதனை முடிவு வரும்வரை அந்த மனையில் விளைந்த எதையும் சாப்பிட வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஜேசிபி யோசனையை விட்டுவிடுங்கள். இரண்டு லாரி மண் 10 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 10 சென்ட் என்பது 400 சதுர மீட்டர். பரப்பிப் பார்த்தால் இரண்டரை சென்டிமீட்டர் உயரம்தான் வரும். கீரை வேர்கூட அதைத் தாண்டி இடிபாட்டுக்குள் போய்விடும். அதோடு, அவ்வளவு எடையுள்ள வண்டி நாலு முறை போய்வந்தால் ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் அடிமண் இன்னும் இறுகும். அதே 10 கன மீட்டர் மண்ணை மேட்டுப்பாத்திகளில் போட்டால் முதல் பருவத்துக்குப் போதுமான இடம் கிடைக்கும். நான் சொல்லப்போகும் வழி அதுதான்.

அதற்கு முன் மனையின் அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மின்கம்பியோ குழாயோ போகவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நாலைந்து இடங்களில் 45 செ.மீ. ஆழத்துக்குக் குழி எடுங்கள். கெட்டியான காலணியும் தடித்த கையுறையும் கட்டாயம். கண்ணாடித் துண்டும் ஊசியும் கிடக்கும். குழியின் பக்கச் சுவரைத் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட்டுப் பார்த்தால் அடுக்கு அடுக்காகத் தெரியும். மேலே ஒரு சாண் கறுத்த மண், அதன்கீழ் செங்கல் துண்டும் காரையும், நடுவே எங்கேயாவது நசுங்கிய பிளாஸ்டிக் பைகளின் வரிசை. பல இடங்களில் தண்ணீர் நிற்பதற்கு அந்தப் பை அடுக்கே காரணமாக இருக்கும். அப்படியானால் பாத்தி வரும் இடத்தில் மட்டும் அதைக் கடப்பாரையால் குத்திக் கிழித்து எடுத்தால் போதும். பை இல்லாமல் மண்ணே இறுகியிருந்தால் குழியை நீரால் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி அளந்து பாருங்கள். மணிக்கு இரண்டரை செ.மீ. இறங்கினால் கவலையில்லை. ஒரு செ.மீ.க்கும் குறைவென்றால் அங்கே பாத்தியை இன்னும் உயர்த்த வேண்டும், இல்லையென்றால் அந்த இடத்தைக் கருவிக் கொட்டகைக்கு விட்டுவிடலாம். உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் தென்பட்டால் வேலையை நிறுத்துங்கள். உடைக்கவோ பெருக்கவோ கூடாது, அதன் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. ஈரப்படுத்தி மூடிவைத்து, அதை அகற்றப் பயிற்சி பெற்றவர்களிடம் விடுங்கள்.

இனி மஞ்சள் நிறம். எந்த இலை மஞ்சளாகியிருக்கிறது என்று கூர்ந்து பாருங்கள். நுனியிலுள்ள இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துப் பற்றாக்குறை. சிமென்ட், சுண்ணாம்புக் காரை கலந்த மண்ணில் பிஎச் (அமில, கார அளவு) 8க்கு மேல் போய்விடும். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. ஒரு பிடி காய்ந்த மண்ணில் வினிகர் ஊற்றினால் நுரைத்துப் பொங்கும், அதுவே சுண்ணாம்புக்கு அடையாளம். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முழுசாக வெளுத்திருந்தால் தழைச்சத்துக் குறைவு. இரண்டும் சேர்ந்தும் வரலாம், நீர் தேங்குவது இரண்டையும் மோசமாக்கும். இந்த இடத்தில் பலர் செய்யும் தவறு ஜிப்சம் போடுவது. ஜிப்சம் சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கான மருந்து. உங்கள் மண்ணில் கால்சியம் ஏற்கெனவே அளவுக்கு மேல் இருக்கிறது. கந்தகம் போட்டு அமிலமாக்கும் யோசனையும் வேண்டாம். காரைத் துண்டு கரையக் கரையப் பிஎச் மறுபடி ஏறும். அதைவிட முக்கியம், மண்ணில் ஈயம் இருந்தால் அமிலம் அதைக் கரைத்துப் பயிருக்குக் கொடுத்துவிடும்.

ஈயம்தான் கீரையைச் சாப்பிட வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம். பழைய வீட்டுப் பெயின்ட், உடைத்த பேட்டரி, ஒரு காலத்தில் ஈயம் கலந்த பெட்ரோலில் ஓடிய வண்டிகளின் புகை, எரித்த குப்பை என எல்லாமே ஈயத்தை மண்ணில் விட்டுப்போகும். அது மக்காது, மழையில் எளிதில் கரைந்து போகாது, மேல்மண்ணிலேயே தங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வழக்கமான மண் பரிசோதனையில் பிஎச், உப்பு, தழை மணி சாம்பல் சத்துகள்தான் வரும், ஈயம் வராது. ஈயம், காட்மியம், ஆர்செனிக் மூன்றையும் தனியாகக் கேட்டு எழுதிக் கொடுங்கள்.

மாதிரி எடுப்பதில் கவனம் வேண்டும். மனை முழுவதிலிருந்தும் எடுத்த மண்ணை ஒரே பொட்டலமாகக் கலக்காதீர்கள். பழைய சுவரோரம் ஒன்று, குப்பை எரித்த இடம் ஒன்று, மீதிப் பகுதி ஒன்று என்று மூன்றாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் 8 முதல் 10 இடங்களில் மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, 15 செ.மீ. ஆழத்துக்கு V வடிவில் வெட்டி, பக்கவாட்டிலிருந்து ஒரு சீவல் எடுங்கள். பிளாஸ்டிக் வாளியில் கலந்து, நாலு பங்காக்கி எதிரெதிர் இரண்டு பங்கை நீக்கி, அரை கிலோ வரும்வரை குறைத்து நிழலில் உலர்த்துங்கள். துத்தநாகம் பூசிய வாளி, துருப்பிடித்த கரண்டி வேண்டாம்.

ஈயம் 100 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் 100 பங்கு) கீழே என்றால் தயங்காமல் இறங்கலாம். 100 முதல் 400 வரை என்றால் கீரையும் கிழங்கும் மேட்டுப்பாத்தியில் மட்டும். தக்காளி, வெண்டை, அவரை போன்ற காய் வகைகளில் ஈயம் மிகக் குறைவாகவே ஏறும். 400க்கு மேல் வந்த பகுதியில் உணவுப் பயிர் வேண்டாம். மண் வெளியே தெரியாதபடி புல்லோ பூச்செடியோ போட்டு மூடிவிடுங்கள், குழந்தைகளை அங்கே விளையாட விடாதீர்கள். மேட்டுப்பாத்தி போட்டாலும் நடைபாதைத் தூசி பறந்து இலையில் படியும். ஆகவே பாதை முழுவதும் 8 முதல் 10 செ.மீ. மரச் சில்லோ சருகோ மூடாக்காக இருக்கட்டும்.

பாத்தி 3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம். இருபுறமும் நின்று கை எட்டும் அகலம் அதுதான், உள்ளே கால் வைக்கவே கூடாது. உயரம் 30 செ.மீ., கிழங்கு போடுவதென்றால் 45. பாத்திகளுக்கு நடுவே 60 செ.மீ., தள்ளுவண்டி போகும் பாதை ஒரு மீட்டர். பக்கச் சுவருக்குப் பெயின்ட் அடித்த மரம், தாரெண்ணெய் ஊறிய ரயில் கட்டை, பழைய டயர் மூன்றும் ஆகாது. அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரிக்காதீர்கள், தொட்டியாகிவிடும். நீர் வடியும் ஜியோ துணி போதும். ஈயம் குறைவாக இருந்தால் துணியும் வேண்டாம். அடிமண்ணைக் கடப்பாரையால் குத்தித் தளர்த்திவிட்டு, அச்சு இல்லாத அட்டையை இரண்டு அடுக்காக நனைத்து விரியுங்கள். கோரை மட்டும் அட்டையைத் துளைத்து வந்துவிடும். அது இருக்கும் இடத்தில் கிழங்கைக் கிளறி எடுத்துவிட்டுத்தான் பாத்தி போட வேண்டும். பார்த்தீனியத்தைப் பூக்குமுன் கையுறையோடு பிடுங்குங்கள், பூத்ததை மட்குக் குழியில் போடாதீர்கள்.

புது மண் ஐந்தில் ஒரு பங்கு அமிழும். எனவே ஒரு பாத்திக்கு 1.3 கன மீட்டர் கலவை தேவை: மண் 0.8, நன்கு மட்கிய உரம் 0.4, தென்னை நார்க்கழிவு அல்லது மணல் 0.1. உங்கள் இரண்டு லாரி மண் 12 பாத்திக்குச் சரியாக வரும், மட்கு உரம் 5 கன மீட்டர் வேண்டும். வாங்கும் செம்மண்ணையும் எங்கிருந்து வெட்டியது என்று கேட்டு, பிஎச் பார்த்து வாங்குங்கள். இன்னொரு மனையின் இடிபாடு உங்கள் தலையில் விழக்கூடாது. மட்கு உரம் அதிகம் போட்டால் நல்லது என்று முழுப் பாத்தியையும் அதனாலேயே நிரப்புபவர்கள் உண்டு. ஒரே பருவத்தில் பாதி உயரத்துக்கு இறங்கும், உப்பும் கூடும்.

தரம் பிரிக்கப்படாத நகரக் குப்பையிலிருந்து வரும் உரத்தில் கண்ணாடியும் உலோகமும் இருக்கும். உணவுப் பயிருக்கு அதைத் தவிர்க்கவே சொல்வேன். எந்த உரம் வந்தாலும் ஒரு சட்டியில் மண்ணோடு சரிபாதி கலந்து 10 பாசிப்பயறு போடுங்கள், வெறும் மண்ணில் இன்னொரு 10. உரச்சட்டியில் எட்டுக்குக் குறைவாக முளைத்தாலோ இலை சுருண்டு கோப்பை போல மடிந்தாலோ அந்த உரத்தைப் பயன்படுத்தாதீர்கள். முதலாவது, உரம் இன்னும் மட்கவில்லை என்பதற்கு அடையாளம். இரண்டாவது, களைக்கொல்லி எச்சம் இருக்கலாம் என்பதற்கு.

அடுத்த ஆண்டு உரத்தை நீங்களே செய்துகொள்ளலாம். ஒரு மீட்டர் நீள அகல உயரத்தில் மூன்று பெட்டி, அடியில் எலி நுழையாத கம்பி வலை. சமையலறைக் கழிவு ஒரு கூடை போட்டால் காய்ந்த சருகு இரண்டு கூடை. சமைத்த சோறு, இறைச்சி, எண்ணெய் வேண்டாம். நாறினால் சருகு போதவில்லை, சூடேறாமல் கிடந்தால் ஈரமோ பச்சையோ போதவில்லை. பெட்டி நிறைந்தபின் 55 டிகிரி செல்சியஸ் தாண்டிச் சூடேற வேண்டும், அப்போதுதான் களை விதை சாகும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கும் பெட்டி அந்தச் சூட்டை எட்டாது. ஆகவே நிறைந்ததும் ஒரே நாளில் அடுத்த பெட்டிக்குக் கிளறி மாற்றுங்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் பல கூட்டுத் தோட்டங்கள் நின்றுபோகின்றன. வெயில் காலத்தில் சதுர மீட்டருக்கு நாளுக்கு 5 லிட்டர் வேண்டும். 12 பாத்தி 43 சதுர மீட்டர், ஆக ஏறக்குறைய 215 லிட்டர். பத்து லிட்டர் பூவாளியில் 22 நடை. முதல் வாரம் உற்சாகமாகச் சுமப்பார்கள், நாலாவது வாரம் யாரும் வரமாட்டார்கள். 500 லிட்டர் தொட்டியை ஒன்றரை மீட்டர் உயர மேடையில் வையுங்கள். வடிகட்டி பொருத்தி, பாத்திக்கு மூன்று வரிசை 16 மி.மீ. குழாய், 30 செ.மீ.க்கு ஒரு சொட்டுவான் போடுங்கள். இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் அழுத்தம் சமன்செய்யும் சொட்டுவான் திறக்காது, சாதாரணமானதையே வாங்குங்கள். 2 லிட்டர் என்று எழுதியிருந்தாலும் இந்த உயரத்தில் மணிக்கு முக்கால் லிட்டர் அளவுதான் வரும்; ஒரு கிண்ணம் வைத்து அளந்து நேரத்தை முடிவு செய்யுங்கள். ஒரு பாத்திக்கு 18 லிட்டர் போக முக்கால் மணி நேரம் ஆகும். ஆழ்துளை நீரென்றால் உப்பைச் சோதியுங்கள். 0.7 டெசிசீமன்ஸ்/மீட்டருக்குக் கீழே நல்லது, 3ஐத் தாண்டினால் காய்கறிக்கு ஆகாது. சாக்கடை நீர் ஒரு போதும் கூடாது.

முதல் பருவத்தில் பாத்திகளைக் குடும்பவாரியாகப் பிரிக்க வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. 20 குடும்பத்துக்கு 12 பாத்தி என்றால் சண்டையில்தான் முடியும். எல்லோரும் சேர்ந்து பயிரிட்டு, பறித்ததை அங்கேயே எடைபோட்டுப் பிரியுங்கள். யார் எத்தனை நாள் வருகிறார்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும். அடுத்த ஆண்டு 24 பாத்தியாக்கி, வீட்டுக்கு ஒன்றும் பொதுவுக்கு நாலும் ஒதுக்கலாம். அப்போது இரண்டு வாரம் கவனிக்காத பாத்திக்கு நினைவூட்டல், அதன்பின் ஒரு வாரத்தில் வேறொருவருக்கு என்ற விதியைத் தொடக்கத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உரிமையாளரின் சம்மதமும் வாய்மொழியாக இருந்தால் போதாது. குறைந்தது மூன்று ஆண்டு, காலி செய்யச் சொன்னால் நிற்கும் பயிரை அறுவடை செய்ய அவகாசம், இரண்டும் எழுத்தில் இருக்கட்டும். மண்ணில் போடும் உழைப்பு இரண்டாம் ஆண்டில்தான் திரும்பக் கிடைக்கும். பாத்திச் சுவரைச் சாந்து பூசாமல் அடுக்கினால் இடம் மாறும்போது எடுத்துப் போகலாம்.

ஆறு மணி நேரம் நேர் வெயில் விழும் பாத்திகளில் வெண்டை (45க்கு 30 செ.மீ.), தக்காளி (60க்கு 45), கத்தரி (60க்கு 60). மூன்று நாலு மணி நேரம் மட்டும் வெயில் வரும் சுவரோரம் கீரைக்குச் சரி, பரிசோதனை முடிவு அனுமதித்தால். புதுப் பாத்தியிலும் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க இளம் இலை வெளுத்தால் லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பும் (இரும்பு சல்பேட்) ஒரு கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து மாலையில் இலையில் தெளியுங்கள், 10 நாள் கழித்து இன்னொரு முறை.

பாத்தி வராத மீதி 250 சதுர மீட்டரைச் சும்மா விடாதீர்கள், விட்டால் மறுபடி குப்பை விழும். பெரிய கற்களைப் பொறுக்கிவிட்டுப் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு ஒன்றேகால் கிலோ விதையுங்கள். காரத்தையும் தேங்கும் நீரையும் தாங்கும், அதன் வேர் இறுகிய மண்ணுக்குள் வழி செய்யும். 45 நாளில் பூக்குமுன் அறுத்து அதே இடத்தில் பரப்பிவிடுங்கள். ஈயம் 100க்கு மேல் வந்த பகுதியிலிருந்து அறுத்த தழையைக் காய்கறிப் பாத்திக்கோ மட்குப் பெட்டிக்கோ கொண்டுபோக வேண்டாம்.