நினைவு தப்பிய அந்தச் சில விநாடிகள்

தேவகோட்டைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒரு தாயார் எழுதியுள்ள நான்கு பக்கக் கடிதம், நீச்சல் போட்டிகளுக்குச் செல்லும் அவருடைய 13 வயது மகனைப் பற்றியது. 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் முதல் 100 மீட்டருக்குப் பின் அவன் தளர்ந்துவிடுகிறானாம். புரதப் பொடி தரலாமா, இரும்புச்சத்து மாத்திரையைத் தொடரலாமா, கைக்கடிகாரம் நாடித்துடிப்பை 54 என்று காட்டுகிறதே என்று பல கேள்விகள். மூன்றாம் பக்கத்தின் கடைசியில் மட்டும் ஒரு வரி: "போன மாதம் ஊரணியில் தம் பிடித்து முங்கிப் பழகும்போது கொஞ்சம் மயங்கிவிட்டான், சித்தப்பா மகன் முடியைப் பிடித்துத் தூக்கினான், இப்போது நன்றாக இருக்கிறான்."

அம்மா, தண்ணீருக்குள் வந்த மயக்கத்தில் 'கொஞ்சம்' என்பதே கிடையாது. அதன் காரணம் தெரியும்வரை உங்கள் மகன் ஊரணியிலோ நீச்சல் குளத்திலோ இறங்கக் கூடாது.

முதல் சந்தேகம் அவன் தம் பிடித்த முறை மீதுதான். படித்துறையில் உட்கார்ந்து பத்திருபது முறை வேகவேகமாக மூச்சை இழுத்துவிட்டுப் பிறகு முங்குவது இங்குள்ள பிள்ளைகளின் வழக்கம். சிறுவயதில் நானும் அப்படிப் பந்தயம் கட்டியவன்தான். அந்த வேக மூச்சினால் உடலில் ஆக்சிஜன் குறிப்பிடும்படி கூடுவதில்லை, கரியமில வாயு மட்டுமே வெளியேறுகிறது. மூச்சுவிடு என்று மூளையை முடுக்குவது பெரும்பாலும் கரியமில வாயுவின் பெருக்கம்தான் என்பதால், அந்த எச்சரிக்கை வருவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, தவிப்போ கையசைப்போ இல்லாமல் நினைவு போய்விடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கே இது நேர்கிறது. கலங்கிய ஊரணி நீரில் மூழ்கியவனைக் கரையிலிருப்பவர் காணவும் முடியாது. போட்டிக்கும் இதனால் பயனில்லை. ஃப்ரீஸ்டைலில் புறப்பாட்டுக்கும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் பின் 15 மீட்டருக்குள் தலை நீர்மட்டத்துக்கு மேலே வந்தாக வேண்டும் என்பது விதி. உங்கள் கணவர் உதாரணம் காட்டும் நீச்சல் வீரர் குற்றாலீஸ்வரன் 1994இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது மணிக்கணக்கில் சீராக மூச்சு விட்டுக்கொண்டுதான், தம் பிடித்து அல்ல.

இரண்டாவது சந்தேகம் இதயத்தின் மின்னோட்டம். நீண்ட க்யூடி (ஒவ்வொரு துடிப்புக்கும் பின் இதயத்தின் மின்னோட்டம் பழைய நிலைக்குத் திரும்ப அதிக நேரம் எடுப்பது) என்னும் பிறவிக் குறைபாட்டின் ஒரு வகையில், வேறு எந்தத் தொல்லையும் இல்லாத பிள்ளைக்கு நீந்தும்போது இதயத் துடிப்பு தாறுமாறாகி நினைவு தப்பலாம். ஆகவே இந்த வாரமே ஓர் ஈசிஜி எடுங்கள், காரைக்குடியிலேயே எடுக்கலாம். எடுக்கும்போது 'மயங்கினான்' என்று மட்டும் சொல்லாமல் 'நீருக்குள் நினைவிழந்தான்' என்று சொல்லுங்கள். முடிவு சரியாக இருந்தாலும், உடற்பயிற்சியின்போது எடுக்கும் ஈசிஜி தேவையா என்பதை இதயநோய் மருத்துவர் தீர்மானிக்கட்டும். வீட்டில் அப்பத்தாவிடம் ஒன்று கேளுங்கள்: இரு குடும்பங்களிலும் இளவயதில் திடீரென இறந்தவர், நீச்சல் தெரிந்தும் மூழ்கியவர் எவரேனும் உண்டா? "ஊரணி காவு வாங்கிவிட்டது" என்று முடித்துவிட்ட கதைகளில் சில, மருத்துவருக்கு முக்கியமான செய்திகள்.

அவன் மயங்கிய அதே வாரத்தில் சளிக்கென்று மருந்துக்கடையில் நீங்களே கேட்டு வாங்கிக் கொடுத்த அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் இந்தக் க்யூடி இடைவெளியை நீட்டக்கூடிய மருந்துகளில் ஒன்று. அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மருத்துவர் சீட்டில்லாமல் அதை இனி வாங்காதீர்கள், அந்த அட்டையை ஈசிஜிக்குப் போகும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

மற்றவை சிறியவை. பயிற்சி பெறும் பிள்ளைக்கு ஓய்வில் நாடி 54 இருப்பது பொதுவாக இயல்பே. இணையத்தில் படித்த 'வீங்கிய இதய'க் கதைகளை மறந்துவிடுங்கள். இட்லி, முட்டை, பருப்பு, மீன் உண்பவனுக்குப் புரதப் பொடி வீண் செலவு. இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டு இரத்தத்தில் ஹீமோகுளோபினும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள், குறைந்திருந்தால் அளவை மருத்துவர் சொல்வார்.

இதயம் சரியென்று உறுதியான பிறகு, அவனுடைய தளர்ச்சிக்கு வருவோம். முதல் 50 மீட்டரை உயிரைக் கொடுத்து நீந்துவதும், முகம் நீருக்குள் இருக்கும்போது மூச்சை வெளிவிடாமல் அடக்குவதும் இந்த வயதில் நான் அடிக்கடி காணும் பிழைகள். நீருக்குள் குமிழி விட்டு மூச்சை வெளியேற்றினால்தான் தலையைத் திருப்பும் கணத்தில் உள்ளே இழுக்க நேரம் கிடைக்கும். பயிற்சியின் பெரும்பகுதி நின்றதும் திணறாமல் பேச முடிகிற இதமான வேகத்தில் இருக்கட்டும்; அதனுடன் 50 மீட்டரை 8 முறை, இடையில் 15 விநாடி ஓய்வுடன், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் ஆகுமாறு நீந்தட்டும். அது கைவந்த பின் 100 மீட்டராக்கலாம். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வும், இரவில் 9 மணி நேரத் தூக்கமும் வேண்டும்.

ஊரணியில் நடந்ததைப் பயிற்சியாளரிடம் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அவனை நீரில் இறக்குவதற்கு முன், இன்று மாலையே சொல்லிவிடுங்கள்.