மொரீசியஸில் மூதாதையரைத் தேடுவது: கேள்வி பதில்

கேள்வி: தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் ஊர். கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் 1870 வாக்கில் மொரீசியஸுக்குக் கப்பலேறினார் என்று பாட்டி சொல்லுவார். பெயர் ராமசாமி. தேட முடியுமா?

பதில்: ராமசாமி என்ற பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ராமசாமிகளின் ஊர்வலமே வரும். 1834-இல் தொடங்கி அந்தத் தீவில் இறங்கிய ஒப்பந்தக் கூலிகள் ஏறக்குறைய நாலரை லட்சம் பேர். அவருடைய அப்பா பெயர், கிராமம், தாலுகா மூன்றையும் முதலில் திரட்டுங்கள். வீட்டில் பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஊரில் இல்லாத அண்ணனைப் பற்றி ஒரு வரியாவது இருக்கலாம். வந்தவர்களின் பதிவேடுகள் மோக்கா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு எண். அதோடு கப்பல், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், ஜில்லா. உயரமும் உடம்பிலுள்ள தழும்பும்கூட இருக்கும். அவர் போட்டோ இல்லாத குடும்பத்துக்கு அந்தத் தழும்புதான் முகம்.

கேள்வி: நாங்கள் மொரீசியஸில்தான் இருக்கிறோம். குடும்பப்பெயர் கார்ப்பென். இது பிரெஞ்சுப் பெயரா?

பதில்: அட, அது நம்ம கருப்பன்தான்! எழுத்தர் காதில் விழுந்ததை பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் எழுதிவிட்டார். வீராபென் வீரப்பன், மூட்டூசாமி முத்துசாமி. வந்தவரின் சொந்தப் பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப்பெயராக நின்றுவிட்டது. அண்ணனும் தம்பியும் வந்திருந்தால் இரண்டு வம்சத்துக்கு இரண்டு குடும்பப்பெயர். அதனால் பெயரை விட்டுவிட்டு எண்ணைத் தேடுங்கள். உங்கள் பிறப்புச் சான்றிதழ், அப்புறம் அப்பாவுடையது, தாத்தாவுடையது என்று சிவில் பதிவு அலுவலகத்தில் ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். பழைய பிறப்பு, திருமணப் பதிவுகளில் பெயரை ஒட்டி அந்த எண் எழுதப்பட்டிருக்கும். அதைக் கொண்டுபோய் மோக்காவில் கொடுத்தால் வேலை பாதி முடிந்த மாதிரி.

ஒரு சிக்கல். கோவிலில் தாலி கட்டியும் சட்டப்படி பதியாத திருமணங்கள் அந்தக் காலத்தில் நிறைய. அப்படிப் பிறந்த பிள்ளை தாயின் பெயரில் பதிவாகியிருக்கலாம். தகப்பன் வழியில் தடம் அறுந்தால் தாய் வழியில் பாருங்கள்.

கேள்வி: பதிவேட்டில் ஜில்லா வட ஆற்காடு என்று இருக்கிறது. வேலூர், திருவண்ணாமலை எங்கும் அலைந்துவிட்டேன், கிராமம் கிடைக்கவில்லை.

பதில்: சித்தூர் போனீர்களா? 1911 வரை வட ஆற்காட்டின் தலைநகரே அதுதான். இன்றைக்கு ஆந்திரா. சேலமும் அப்படித்தான், அன்றைய சேலம் ஜில்லாவுக்குள் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் அடக்கம். கிராமத்தின் பெயரைக் கண்ணால் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள். ழ, ள, ண எல்லாம் ரோமன் எழுத்தில் கரைந்துபோயிருக்கும். ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதால், தாலுகா பெயர் பொருந்தாமல் 'இதுதான் எங்க ஊர்' என்று முடிவு கட்டவேண்டாம்.

கேள்வி: 'நாம கூலியா வரல, அதுக்கு முன்னாடியே பாண்டிச்சேரியிலிருந்து வந்தோம்' என்பார் எங்கள் தாத்தா. கௌரவத்துக்காகச் சொன்னதா?

பதில்: உண்மையாகவே இருக்கலாம். 1735-இல் ஆளுநராக வந்த லா போர்தொனே துறைமுகம் கட்ட பாண்டிச்சேரியிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். இந்தியாவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் உண்டு, தாத்தாக்கள் அதைச் சொல்லமாட்டார்கள். 1810-இல் ஆங்கிலேயர் தீவைப் பிடிக்கும்வரை பிரெஞ்சு ஆட்சி. எனவே கூலிப் பதிவேட்டில் இவர்களைத் தேடிப் பயனில்லை. தேவாலய ஞானஸ்நானப் பதிவுகள், நோட்டரி பத்திரங்கள், பிரான்ஸில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த ஆவணக்காப்பகம், இவைதான் வழி. 'மலபார்' என்று எழுதியிருந்தால் கேரளா என்று நினைத்துவிடாதீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் தமிழரைத்தான் அப்படி அழைத்தார்கள்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டைக்கு இந்த ஆவணம் உதவுமா? ஆறாவது தலைமுறை நான்.

பதில்: உதவும். மொரீசியஸில் ஏழாம் தலைமுறை வரை தகுதி உண்டு என்று 2024 மார்ச்சில் போர்ட் லூயி வந்த குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அறிவித்தார். கப்பலில் வந்தவர் முதல் உங்கள் வரை நடுவில் ஒரு கண்ணிகூட விடுபடாமல் சான்றிதழ்களைச் சேர்த்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.