அக்டோபரில் துபாய் கிளம்பும் திருமங்கலத்துத் தம்பிக்கு

திருமங்கலத்துத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். மதுரையில் ஒரு ஆடிட்டரிடம் நான்கு வருடம் வேலை பார்த்தவர், துபாயில் கணக்காளர் வேலை கிடைத்து அக்டோபர் முதல் வாரம் கிளம்புகிறார். "அண்ணே, வேலையைப் பற்றிப் பயமில்லை. வேலை முடிந்த பிறகு என்ன செய்வீர்கள்? தீபாவளி, பொங்கல் எல்லாம் அங்கே எப்படி இருக்கும், லீவு நாளில் எங்கே போவீர்கள்? கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது, வீட்டம்மாவை எப்போது கூட்டிவரலாம்?" இவ்வளவுதான் கேள்வி.

தம்பி, நான் போனது 2011 ஜூனில். இப்போது பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை, குடும்பத்தோடு மதுரை செல்லூரில் அம்மா வீட்டில் இருக்கிறேன். நேற்றுத்தான் அழகர்கோவில் ஆடித் தேர் பார்த்துவிட்டு வந்தோம். ஊரில் உட்கார்ந்துகொண்டே உங்களுக்கு எழுதுவது நல்லதுதான், எதையெல்லாம் விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்பது கண்ணெதிரே இருக்கிறது.

முதலில் ஒன்று. நீங்கள் அக்டோபரில் போய் இறங்குவது பெரிய அதிர்ஷ்டம். நான் இறங்கியது ஜூன் மாதம் ராத்திரி 11 மணிக்கு. விமான நிலைய ஏசியிலிருந்து வெளியே கால் வைத்ததும் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து ஒன்றுமே தெரியவில்லை, கழற்றித் துடைத்துப் போட்டால் திரும்பவும் படிகிறது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை வெயிலில் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது, அப்படி ஒரு வெக்கை. அந்த வெயில் மாதங்கள் முழுக்க ரூம், ஆபீஸ், ஷாப்பிங் மால் என்று ஏசிக்குள்ளேயே கிடப்போம். அக்டோபர் கடைசியில் காற்று மாறும். தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ், புது வருடம், பொங்கல் என்று நம் பண்டிகைகளில் பாதிக்கு மேல் அந்தக் குளிர் மாதங்களில்தான் வருகின்றன. இதை வீணாக்கிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் நான் வீணாக்கினேன்.

தனியாகப் போகிறவர்களுக்கு முதலில் அமைவது பெட் ஸ்பேஸ்தான், அதாவது பலர் தங்கும் அறையில் ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு. கராமா, பர் துபாய், தெய்ரா, இந்த மூன்று இடத்துக்குள் பாருங்கள், கொஞ்சம் வாடகை கூடினாலும் மெட்ரோ பக்கத்திலேயே எடுங்கள். ஒரு அறையில் ஆறு பேர், இரட்டை அடுக்குக் கட்டில், வாசலில் செருப்புக் குவியல், குளியலறைக்கு நேரம் குறித்துக்கொள்வது எல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். கீழே இருக்கும் கிராசரிக்குப் போன் போட்டால் ஒரு தயிர் டப்பா என்றாலும் மேலே கொண்டுவந்து தருவார்கள். மலையாளிகளின் கஃபட்டீரியாவில் சாயாவும் பரோட்டாவும் எந்நேரமும் கிடைக்கும், ஆனால் நம் சால்னாவை எதிர்பார்க்காதீர்கள். நோல் கார்டு ஒன்று வாங்கினால் மெட்ரோ, பஸ் இரண்டுக்கும் ஆகும். மெட்ரோவுக்குள் எதையும் தின்னாதீர்கள், பெண்களுக்கான பெட்டியில் தெரியாமல் ஏறிவிடாதீர்கள், இரண்டுக்குமே 100 திர்ஹம் அபராதம்.

வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம், ஆனால் பேச முடியாது, அந்த ஊரில் அந்த அழைப்பு வேலை செய்யாது. போட்டிம் என்று ஒரு செயலி உண்டு, எல்லாரும் அதில்தான் பேசுகிறோம். கிளம்புவதற்கு முன்னால் உங்கள் அம்மா போனிலும் வீட்டம்மா போனிலும் அதை ஏற்றிக்கொடுத்து, எப்படி எடுப்பது என்று அம்மாவை நான்கு தடவை எடுக்கச் சொல்லிப் பழக்கிவிட்டுப் போங்கள். அங்கே போன பிறகு சொல்லிக்கொடுக்கலாம் என்று இருந்தால் முதல் வாரம் முழுக்கக் குரல்கூடக் கேட்காமல் தவிப்பீர்கள். நேர வித்தியாசம் ஒன்றரை மணி, துபாய் பின்னால்.

இந்த ஒன்றரை மணி நேரத்தை நான் நன்றாக உணர்ந்தது முதல் தீபாவளிக்கு. 2011 அக்டோபர் 26, புதன்கிழமை. அங்கே தீபாவளிக்கு அரசு விடுமுறை கிடையாது, நான் வேலை பார்த்த கம்பெனியில் கேட்டுப் பார்த்தேன், வந்து நான்கு மாதம்தான் ஆகிறது என்று லீவு தரவில்லை. மதுரையில் காலை 4.30 மணிக்கு எல்லாரும் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு எனக்குப் போன் போடுகிறார்கள், எனக்கு மணி 3. பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாது என்று போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு பேசினேன். போனில் வெடிச் சத்தம் கேட்டது. அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்து மேல்கட்டிலில் ஏறிச் சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான், சாப்பிடக்கூட இறங்கவில்லை.

கீழ்க்கட்டிலில் மேலூர்க்காரர் ஒருவர் இருந்தார். ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், அப்போதே 20 வருடம் ஆகியிருந்தது. அவர் எழுந்து என் காலைப் பிடித்து ஆட்டி, "எந்திரிய்யா, சட்டைய மாத்து" என்றார். வேண்டாம்ணே என்றேன், விடவில்லை. பர் துபாயில் கிரீக் என்று சொல்லும் கடல் கழி ஓரம் பழைய கோவிலை ஒட்டி ஒரு குறுகலான சந்து உண்டு. விளக்கு, குங்குமம், தேங்காய், மாலை, சாமி படம் என்று இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கடைகள். சந்துக்குள் திரும்பியதும் ஒரு வாசம் வந்தது. எனக்கு அப்படியே கால் நின்றுவிட்டது. தெர்மோகோல் பெட்டிக்குள் ஈரத் துணி போட்டு மூடி, அன்றைக்குத்தான் விமானத்தில் வந்த மதுரை மல்லி. கடைக்காரர் மூடியைத் திறந்து துணியை விலக்கியபோது பாதி மொட்டு அப்போதுதான் விரிகிறது. முழங்கையில் அளந்து ஒரு முழம் கொடுத்தார். வாங்கி என்ன செய்யப் போகிறேன் என்று யோசிக்கவே இல்லை, வாங்கினேன். அங்கிருந்து அப்ரா என்னும் படகில் 1 திர்ஹம் கொடுத்து தெய்ராவுக்கு கிரீக்கைத் தாண்டினோம், தண்ணீரில் இரண்டு கரை விளக்கும் ஆடிக்கொண்டிருந்தது, மேலூர் அண்ணன் எதுவும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ராத்திரி ரூமுக்கு வந்து அந்தப் பூவை மீனாட்சி படத்துக்குச் சாத்தினேன். ஆறு பேர் இருந்த ரூம் முழுக்க மல்லி வாசம், அதில் வடநாட்டுக்காரர் இரண்டு பேர், அவர்களும் வந்து கும்பிட்டுவிட்டுப் படுத்தார்கள்.

அதனால் சொல்கிறேன் தம்பி, பண்டிகை அன்றைக்கு ரூமில் படுத்துக்கொண்டு ஊர் வீடியோவைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். பார்க்கப் பார்க்க வலிதான் கூடும். சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே போங்கள், போகும்போது ரூமில் புதிதாக வந்தவன் யாராவது கிடந்தால் அவனையும் கிளப்பிக்கொண்டு போங்கள். பட்டாசு மட்டும் நினைக்கவே வேண்டாம், தனி ஆள் வெடிப்பது அங்கே குற்றம். கோவில் வேண்டுமென்றால் 2022 அக்டோபரில் ஜெபல் அலியில் பெரிய இந்துக் கோவில் திறந்தார்கள், பக்கத்திலேயே குருத்வாராவும் தேவாலயங்களும் இருக்கின்றன. அபுதாபியில் 2024 பிப்ரவரியில் திறந்த கல்கோவிலுக்கு ஒரு நாள் ஒதுக்கிப் போய் வாருங்கள், சிற்ப வேலையை நின்று பார்க்கத்தான் வேண்டும்.

வார லீவு பற்றி உங்கள் கம்பெனியில் கேட்டுக்கொள்ளுங்கள். முன்பு வெள்ளி, சனி. 2022 ஜனவரியிலிருந்து அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி அரை நாள், சனி, ஞாயிறு விடுமுறை என்று மாற்றிவிட்டார்கள், ஆனால் தனியாரில் ஞாயிறு மட்டும் லீவு விடுகிறவர்கள் நிறைய. பொங்கலுக்கும் லீவு கிடையாது, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைப்போம். நாங்கள் ஏழெட்டுக் குடும்பம், சிவகங்கை, உசிலம்பட்டி, மேலூர் ஆட்கள், மம்சார் கடற்கரைப் பூங்காவில் அடுப்பு மூட்ட ஒதுக்கியிருக்கும் இடத்தில் கரி போட்டு வெண்கலப் பானையை ஏற்றுவோம். உள்ளே போக ஆளுக்கு 5 திர்ஹம், நோல் கார்டிலேயே தட்டலாம். ஒரு வருடம் பால் பொங்கியதும் நாங்கள் குலவை போட்ட சத்தத்தைக் கேட்டுப் பக்கத்தில் கறி சுட்டுக்கொண்டிருந்த ஒரு சூடான் குடும்பமே எழுந்து ஓடிவந்தது. என்ன என்று விசாரித்து, அவர்கள் வீட்டுப் பெரியம்மாவும் பதிலுக்கு ஒரு குலவை விட்டார், அவர்கள் ஊரிலும் கல்யாணத்துக்கு அப்படித்தானாம். அந்தப் பெரியம்மாவுக்கு ஒரு வாழையிலையில் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுத்தோம்.

டிசம்பர் 2, 3 தேசிய தின விடுமுறை, வார லீவோடு ஒட்டி வந்தால் சேர்த்து நான்கு நாள் கிடைக்கும். நான்கைந்து பேர் சேர்ந்து கார் எடுத்துக்கொண்டு அல் ஐன் போய் ஜெபல் ஹஃபீத் மலை ஏறலாம், ஹத்தா அணைக்கட்டுக்குப் போகலாம், ராஸ் அல் கைமா போனால் ஜெபல் ஜைஸ். 1,900 மீட்டருக்கு மேல் உயரம், நம் கொடைக்கானல் மலைப்பாதை மாதிரி வளைவு வளைவாக ரோடு, ஆனால் ஒரு மரம் கிடையாது, மொட்டைப் பாறைதான், அதுவும் ஒரு அழகு. குளோபல் வில்லேஜ் அக்டோபரில் திறந்து ஏப்ரல், மே வரை நடக்கும். நம் மதுரைச் சித்திரைப் பொருட்காட்சியைப் பத்து மடங்கு பெரிதாக்கி நாட்டுக்கு ஒரு அரங்கு வைத்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை குடும்பத்துக்கும் பெண்களுக்கும் மட்டும், தனியாகப் போகிற ஆண்கள் அன்றைக்குப் போய் ஏமாந்து திரும்பாதீர்கள்.

டிசம்பர் 31 புர்ஜ் கலீஃபா வாணவேடிக்கை. ஒரு தடவை பார்க்கலாம். சாயங்காலம் 5 மணிக்கெல்லாம் அந்த மெட்ரோ நிலையத்தை மூடிவிடுவார்கள், அதற்கு முன்னாலேயே போய் ஏழு மணி நேரம் நிற்க வேண்டும். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ராத்திரியே போய் ஏ.வி. பாலத்தில் இடம் பிடித்தவனுக்கு இது ஒன்றும் பெரிதில்லை என்று நினைத்துப் போனேன். நிற்பதில் சிரமமில்லை. ஆனால் ஆற்றில் தண்ணீர்ப் பந்தல், மோர், விசிறி என்று முன்பின் தெரியாதவர்கள் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், அங்கே அது கிடையாது, தண்ணீர் பாட்டிலும் சாப்பாடும் கையோடு கொண்டுபோங்கள். இரண்டாவது தடவையிலிருந்து நான் தள்ளி நின்று கிரீக் ஓரத்திலிருந்தே பார்த்துக்கொள்கிறேன்.

தெரியாதவர்கள் கொடுப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் ரமலான் வரட்டும். வேலை நேரம் எல்லாருக்கும் 2 மணி நேரம் குறையும். நோன்பு திறக்கும் நேரத்தில் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் விரிப்புப் போட்டு, யார் எவர் என்று கேட்காமல் உட்கார வைத்துச் சாப்பாடு போடுவார்கள். தெய்ராவில் நம் தமிழ் முஸ்லிம்கள் காய்ச்சும் நோன்புக் கஞ்சி மதுரை காஜிமார் தெருக் கஞ்சியேதான். தயங்காமல் போங்கள். பகலில் மட்டும் வெளியிடத்தில் எதிரே ஆள் பார்க்கச் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம்.

வீட்டம்மாவைக் கூட்டிவருவது சம்பளத்தைப் பொறுத்தது. மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹத்தோடு கம்பெனி வீடு, இதுதான் குறைந்தபட்ச விதி. விதிப்படி முடியும் என்பதற்காக உடனே அழைத்துவந்துவிடாதீர்கள், வாடகை மட்டுமே சம்பளத்தில் பாதியைத் தின்றுவிடும். ஒரு வருடம் பொறுத்து, பெட் ஸ்பேஸில் இருந்தபடியே முன்பணத்துக்குச் சேர்த்துவிட்டுக் கூப்பிடுங்கள், முதல் தடவை விசிட் விசாவில் டிசம்பரில் வரட்டும், அந்த ஊரை அவர் முதலில் குளிரில் பார்க்க வேண்டும். கல்யாணச் சான்றிதழ் அட்டெஸ்டேஷனை (சான்றொப்பம் வாங்குவதை) மட்டும் இப்போதே ஆரம்பித்துவிடுங்கள், அங்கிருந்துகொண்டு செய்வது பெரிய அலைச்சல். அப்புறம், ஆஃபர் லெட்டரில் மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி, வருடத்துக்கு 21 நாள் சம்பளம், ஐந்து வருடத்துக்கு மேல் 30 நாள் சம்பளம் என்று அடிப்படையை வைத்துத்தான் கணக்கு. நீங்கள் கணக்காளர், உங்களுக்கே இது தெரிந்திருக்கும், ஆனால் ஊரை விட்டுப் போகிற அவசரத்தில் என் கண்ணில் படவில்லை.

பெட்டி கட்டும்போது கசகசா ஒரு பொட்டுக்கூட இருக்கக் கூடாது. அந்த நாட்டில் அது போதைப்பொருள் கணக்கு, ஜெயில் வரை போகும். என் அம்மா குருமாப் பொடியில் கசகசா சேர்த்து அரைத்துக் கட்டி வைத்திருந்தார். ஏற்கெனவே அங்கே இருந்த தெருக்காரர் ஒருவர் முந்தின நாள் ராத்திரி போனில் சொன்னதால் தப்பித்தேன், கட்டின பெட்டியை அவிழ்த்து ஒவ்வொரு பொட்டலமாக அம்மாவிடம் கேட்டுக் கேட்டு எடுத்து வைத்தோம். டாக்டர் எழுதிய மருந்து என்றால் சீட்டோடு கொண்டுபோங்கள், அதிலும் சிலதுக்குத் தடை உண்டு.

இன்னொன்று, ஒரு ஸ்வெட்டர். பாலைவனத்துக்கு எதற்கு என்று நம் ஊரில் யாரும் வைப்பதில்லை, நானும் வைக்கவில்லை. டிசம்பர் ராத்திரி அல் குத்ரா ஏரிப் பக்கம் மணலில் நண்பர்களோடு உட்காரும்போது பல் தந்தியடிக்கும். மதுரைக்கு வரும்போது விளக்குத்தூண் பக்கம் கடைகளில் கேட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் சொல்லுங்கள், என்னிடம் பீரோவில் ஒன்று சும்மா கிடக்கிறது, இந்த மாதக் கடைசி வரை செல்லூரில்தான் இருப்பேன்.